மூன்று நிமிடம் ஏழு விநாடி

யோர்க்கூ எசாண்டோ, அபுராமோ பல்கலைக்கழக நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்த நாள் 1988 அக்டோபர் 3, திங்கட்கிழமை. அப்போது வயது இருபத்தைந்து. மூன்றாவது மாடியில், கடலைப் பார்த்த பக்கம், படப்பிரிவு என்று ஓர் அறை இருந்தது. பதினான்கு நாற்காலி, ஒரு தொலைக்காட்சி, இருநூற்றுப் பத்து வீடியோ கேசட். கேட்பவருக்குக் கேசட்டை எடுத்துக் கொடுப்பது, திரும்ப வாங்குவது, பூஞ்சை பிடிக்காமல் துடைத்து வைப்பது, இவ்வளவுதான் வேலை. உப்புக் காற்றில் இரும்பு அலமாரியே ஆறு வருடத்தில் இற்றுப்போகும் ஊர் அது. அவர் பொறுப்பில் இருபத்து மூன்று ஆண்டுகளில் கெட்டுப்போன கேசட்டுகள் பதினொன்று மட்டுமே. அதை யாரும் கவனிக்கவில்லை. அவரும் யாரிடமும் சொல்லவில்லை.

2011இல் காது கேளாத மாணவர்கள் நான்கு பேரைப் பல்கலைக்கழகம் முதன்முறையாகச் சேர்த்துக்கொண்டது. அடுத்த பிப்ரவரி 9ஆம் தேதி அவர்களில் ஒருவன் பாடத்தில் வைத்திருந்த ஒரு படத்தைப் பார்க்க வந்தான். பத்து நிமிடம் பார்த்தான். பிறகு எழுந்து வந்து ஒரு துண்டுத் தாளை மேசைமேல் வைத்தான். 'இப்போது அவள் என்ன சொன்னாள்?' என்று எழுதியிருந்தது. எசாண்டோ படத்தைப் பின்னால் ஓட்டி, கேட்டு, எழுதிக் கொடுத்தார். அவன் போய் உட்கார்ந்தான். ஒரு நிமிடத்தில் மறுபடி வந்தான். மூன்றாம் முறை அவன் எழுந்தபோது எசாண்டோ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நிறுத்துவார், எழுதுவார், ஓடவிடுவார். எண்பத்தெட்டு நிமிடப் படம் முடிய இரண்டு நாள் ஆயிற்று. தாள் நாற்பத்தொன்று. அத்தனை தாளையும் அவன் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனான்.

அந்த நாற்பத்தொரு தாளிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. அந்த ஆண்டு இறுதிக்குள் நூலகர் ஒரு பழைய கணினியைக் கொடுத்தார். எசாண்டோ சப்டைட்டில் போடக் கற்றுக்கொண்டார். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு வாக்கியம் கேட்பது, நிறுத்துவது, தட்டச்சு செய்வது, அந்த வரி எந்த விநாடியில் தோன்றி எந்த விநாடியில் மறைய வேண்டும் என்று குறிப்பது. ஒரு நிமிடப் படத்துக்கு ஒன்பது நிமிட வேலை. வசனம் மட்டுமல்ல, கதவைச் சாத்துவது, யாரோ இருமுவது, பக்கத்து வீட்டில் உரல் இடிப்பது எல்லாவற்றையும் எழுத வேண்டும்.

இதற்கென்று ஒரு பதிவேடும் வைத்தார். படத்தின் எண், டிவிடியின் எண், ஓடும் நேரம், வரிகளின் எண்ணிக்கை, தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று இடத்தில் சரிபார்த்ததற்கான குறி. கடைசிப் பத்தி அகலமானது. படத்தை முழுக்கப் பார்த்து முடித்த மாணவர் அதில் கையெழுத்து வைக்க வேண்டும். பாதியில் எழுந்து போனவர் வைக்கக் கூடாது. 2019 மே மாதம் வரை படங்கள் நூற்று அறுபத்து மூன்று, கையெழுத்துகள் ஆயிரத்து முந்நூற்று எட்டு.

"ஜோஜோ அப்பா, நம்ம கல்யாணம் எந்த வருஷம்?" என்று தையல் எந்திரத்துக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி குக்குவா கேட்பாள்.

"தொண்ணூத்தொண்ணு."

"தொண்ணூறு. எந்தப் படத்துல கதவு எத்தனை தடவை சாத்துதுன்னு கேட்டா மட்டும் பிசகாது."

அராபா ஒட்டூ வந்தது 2016 ஆகஸ்டில். மீன்பிடிக் குடும்பம். நான்கு வயதில் வந்த காய்ச்சலில் காது போய்விட்டது. சைகையில் படபடவென்று பேசுவாள். பல்கலைக்கழகத்துச் சைகை மொழிபெயர்ப்பாளர் நுனூவிடம் எசாண்டோ கற்ற சைகையோ மெதுவானது.

"மாமா, உங்க கை இப்பதான் தூங்கி எழுந்து வருதா?" என்றாள் முதல் நாளே.

"வயசான கைம்மா. கொஞ்சம் பொறு."

"என் பாட்டி கை உங்களவிட வேகமா வலை பின்னும்."

இரண்டாம் ஆண்டில் ஒரு நாள் படம் பார்த்து முடித்து, கையெழுத்து வைக்காமல் அவர் மேசை முன்னால் வந்து நின்றாள்.

"எல்லாப் படத்துலயும் கடல் வந்தா 'அலை ஓசை'ன்னே போடுறீங்க. எல்லாக் கடலும் ஒரே மாதிரியா கத்தும்?"

"அலைதானேம்மா."

"நாலு வயசு வரைக்கும் நான் அதைக் கேட்டிருக்கேன். ஞாபகம் இல்ல. உங்களுக்குத்தான் கேக்குதே. கேட்டு எழுதினா என்ன? காதை வாடகைக்கா விட்டிருக்கீங்க?"

மறுநாள் செவ்வாய்க்கிழமை. கடலுக்கு ஓய்வு என்று யாரும் மீன்பிடிக்கப் போகாத நாள். படகுகளெல்லாம் மணலில் கிடந்தன. எசாண்டோ ஒரு குறிப்பேட்டோடு போய் ஐந்து மணி முதல் ஆறேகால் வரை படகு ஒன்றின் விளிம்பில் உட்கார்ந்து கேட்டார். வலையைச் சீர்செய்துகொண்டிருந்தவர்கள், பல்கலைக்கழகத்துக்காரர் கடலுக்குப் பாடம் எழுதுகிறார் என்று சிரித்தார்கள். அன்றிலிருந்து அவருடைய சப்டைட்டில்களில் 'அலை, தொலைவில்' என்று வந்தது. 'அலை பாறையில் மோதுகிறது' என்று வந்தது. 'அலை பின்வாங்க, கூழாங்கற்கள் உருளுகின்றன' என்று வந்தபோது அராபா படத்தை நிறுத்திவிட்டு அந்த வரியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் படத்துறையையே முதன்மைப் பாடமாக எடுக்க முடிவு செய்தாள். அந்தப் பல்கலைக்கழகத்தில் காது கேளாத ஒருவர் அதுவரை அதைக் கேட்டதில்லை. மூன்றாம் ஆண்டு முடிவில் டாக்டர் பென்டில் நடத்தும் 'படமும் சமூகமும்' தேர்வில் அறுபது மதிப்பெண் வாங்கினால் நான்காம் ஆண்டில் இடம் உண்டு. இல்லையென்றால் வேறு துறை. வேறு எட்டு காது கேளாத மாணவர்களும் அந்தத் தாளை எடுத்திருந்தார்கள். ஆனால் அவர்களுக்கு அது பத்தோடு பதினொன்றாக ஒரு தாள். அவளுக்கு மட்டும்தான் அதுவே எல்லாம்.

தேர்வுக்கு வைத்த படம் 'உப்புப் படகு'. 1984இல் அந்தக் கடற்கரையிலேயே எடுத்தது. பேச்செல்லாம் அந்தப் பகுதியின் ஃபான்டி மொழி. அண்ணனின் புதுப் படகை யாரோ கொளுத்திவிடுகிறார்கள். யார் என்பது எழுபத்தெட்டாம் நிமிடத்தில்தான் தெரியும். தம்பி, முதுகைக் காட்டி உட்கார்ந்தபடி, 'நான்தான் கொளுத்தினேன்' என்கிறான். எசாண்டோ அதற்கு ஆங்கிலத்தில் சப்டைட்டில் போட்டது 2017 நவம்பரில். வரிகள் ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு. நூலகத்து டிவிடியில் படம் ஓடும் நேரம் தொண்ணூற்றொன்பது நிமிடம் ஐம்பது விநாடி.

தேர்வு நாள் 2019 மே 14, செவ்வாய். விடிகாலையிலிருந்து மின்சாரம் இல்லை. ஜெனரேட்டர் தேர்வுக் கூடங்களுக்கு மட்டும். காலை ஏழு நாற்பதுக்கு டாக்டர் பென்டில் மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார்.

"மிஸ்டர் எசாண்டோ, உங்க டிவிடி நடுவுல கீறல் விழுந்திருக்கு. நேத்து போட்டுப் பாத்தேன், நின்னு நின்னு ஓடுது. அக்ராவிலேர்ந்து புதுப் பிரதி வாங்கிட்டேன். படம் கண்ணாடி மாதிரி இருக்கு. உங்க எழுத்தை இதுல போட்டுடலாம்தானே?"

"போட்டுடலாம் டாக்டர்."

புதிய பிரதி நூற்று நான்கு நிமிடம். பழையதைவிட நான்கு நிமிடம் பத்து விநாடி கூடுதல். எசாண்டோ அதைப் பார்த்தார். பதிவேட்டில் எழுதவும் செய்தார்: 'புதிய பிரதி, 104.00. வேறுபாடு 4.10. இறுதிப் பெயர்ப்பட்டியல் நீளம் போலும்.' அவர் வாழ்நாளில் பதிவேட்டில் எழுதிய 'போலும்' அது ஒன்றுதான்.

எட்டு இருபத்தைந்துக்கு ஒன்பது பேருக்கான தனியறையில் கணினியை வைத்து ஓட்டினார். அந்தப் படத்தில் முதல் ஐந்து நிமிடம் பேச்சே கிடையாது. பன்னிரண்டாவது விநாடியில் 'அலை, தொலைவில்' என்ற வரி சரியாக வந்தது. தொடக்கத்துக்கு ஒரு குறி போட்டார். நடுப்பகுதிக்குப் போவதற்குள் கண்காணிப்பாளர் அகோர்லி வந்து கணினியின் ஒலியை அடைத்தார்.

"பக்கத்து ரூம்ல கணக்குப் பரீட்சை. சத்தம் கூடாது."

"நான் பின் வரிசைல உக்காந்து காதுல மாட்டிக்கிறேன் ஐயா. எப்பவும் அப்படித்தான்."

"எசாண்டோ, இங்க இருக்கிற ஒன்பது பேருக்கும் காது கேக்காது. நீ யாருக்காகக் கேக்கப் போற? பெரிய கூடத்துல எழுபது பேர் உக்காந்திருக்காங்க, ஸ்பீக்கர் கரகரங்குதாம். அங்க போய்யா."

விதிப்படி நுனூவும் அறைக்கு வெளியேதான் இருக்க வேண்டும். தேர்வு எழுதும்போது கைகள் மேசைமேல் இருக்க வேண்டும் என்று அகோர்லி கரும்பலகையில் எழுதிப் போட்டார். எசாண்டோ பெரிய கூடத்துக்குப் போனார். ஸ்பீக்கரைச் சரிசெய்தார். எழுபது பேரும் நன்றாகக் கேட்டார்கள்.

மே 30ஆம் தேதி காலை, விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்த அராபா படப்பிரிவு வாசலில் நின்றாள். கையில் ஓர் உறை. ஒழுங்கு விசாரணைக் குழுவின் அறிவிப்பு. ஒன்பது மாணவர்களும் ஒருவரையொருவர் பார்த்து எழுதியதாகக் குற்றச்சாட்டு. ஆதாரம் இரண்டு. ஒன்று, படத்தில் எங்குமே இல்லாத ஒரு தவறான விடையை ஒன்பது பேரும் ஒன்றுபோல எழுதியிருக்கிறார்கள். இரண்டு, பத்தேகால் மணிக்கு அராபா ஒட்டூ மற்றவர்களுக்குக் கையால் ஏதோ சொன்னதைக் கண்காணிப்பாளர் பார்த்திருக்கிறார்.

"என்ன தவறான விடை?"

"தெரியல. மாமா, படகைக் கொளுத்தினது அம்மாதானே?"

"இல்லம்மா. தம்பி."

அவள் கைகள் அப்படியே நின்றன. பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "அடுப்படியில அம்மா நிக்கிறா. அவ முகம். கீழ வரி. 'நான்தான் கொளுத்தினேன்.' நான் படிச்சேன்."

"கையால என்ன சொன்ன?"

"உதடும் வரியும் ரொம்ப நேரமா பொருந்தல. கையைத் தூக்கினேன். கீழ போடுன்னு சொல்லிட்டார். பக்கத்துல இருந்தவன்கிட்ட, 'உனக்கும் இப்படித்தான் வருதா?'ன்னு ஒரே ஒரு தடவை கேட்டேன். அவ்வளவுதான். அப்புறம் விட்டுட்டேன். டிவில எங்களுக்குப் பொருந்தி என்னைக்கு வந்திருக்கு?"

எசாண்டோ புதிய பிரதியைக் கணினியில் போட்டார். இந்த முறை ஒலியோடு. எழுபத்து நான்காவது நிமிடம் ஐம்பத்து மூன்றாவது விநாடியில், அடுப்படியில் நின்ற அம்மாவின் முகத்துக்குக் கீழே 'நான்தான் கொளுத்தினேன்' என்று வந்தது. தம்பி அதைச் சொன்னது எழுபத்தெட்டாம் நிமிடத்தில். மூன்று நிமிடம் ஏழு விநாடி முன்னால் ஓடியிருந்தது வரி.

காரணம் கண்டுபிடிக்க அவருக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பழைய டிவிடியில் ஒரு விநாடிக்கு இருபத்தைந்து ஃபிரேம்கள் ஓடுகின்றன. புதிய பிரதியில் இருபத்து நான்கு. பழையது சற்று வேகமாக ஓடி நான்கு நிமிடம் முன்னால் முடிந்துவிடும். அந்த வேகத்துக்கு எழுதிய வரிகள் புதியதில் விநாடிக்கு விநாடி முந்திக்கொண்டே போகும். நூற்று அறுபத்து மூன்று படம் செய்தவர் நான்கு நிமிட வித்தியாசத்தைப் பார்த்த கணமே சொல்லியிருக்க வேண்டியது அது. பதிவேட்டைத் திறந்தார். நடு, முடிவு என்ற இரண்டு கட்டங்களும் காலியாக இருந்தன. அவற்றின் பக்கத்தில், அவர் கையெழுத்தில், 'போலும்'.

அராபாவிடம் படத்தைக் காட்டினார். அவள் பார்த்தாள். உறையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனாள்.

நுனூவிடம் அன்று மத்தியானம் சொன்னார். வளாகத்து மரத்தடியில் புளித்த சோளமாவு உருண்டையான கென்கேயும் பொரித்த மீனும் வாங்கிவைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். நுனூ எதையும் கேலியாகவே பேசுகிறவர். அன்று கேலி பேசவில்லை.

"அண்ணே, மிஷின் கோளாறுன்னு சொல்லிடுங்க."

"பதிவேட்டுல எழுதியிருக்கு."

"அந்தப் பக்கத்துல மிளகாய்த் தொவையல் கொட்டிப்போச்சுன்னு வைங்க. நான் கொட்டறேன்."

எசாண்டோ சிரிக்கவில்லை. நுனூ விரலைத் துடைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "சரி, கேளுங்க. காப்பி அடிச்சாங்கன்னு முடிவானா என்ன தண்டனை? ஒரு பருவம் வீட்டுல இருக்கணும். திரும்பி வந்து அதே பரீட்சையை எழுதலாம். நான் விதியைப் படிச்சேன். ஆனா நீங்க போய், என் எழுத்து தப்புன்னு சொன்னீங்கன்னு வைங்க, அந்த ரூமையே பூட்டிடுவாங்க. அவங்க இதுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்காங்க. ஒரு ஆள் சம்பளம், ஒரு ரூமு."

"திருடின்னு சான்றிதழ்ல ஏறிடும்."

"அவகிட்ட கேட்டீங்களா, எது வேணும்னு?"

"இதுல கேக்க என்ன இருக்கு?"

நுனூ அவரைப் பார்த்தார். பிறகு மீன் தலையைப் பிய்க்கத் தொடங்கினார். "கேளுங்க" என்று மட்டும் சொன்னார்.

எசாண்டோ கேட்கவில்லை. கேட்க இரண்டு வாரம் இருந்தது. அந்த இரண்டு வாரமும் அவர் கணக்குகளைச் சரிபார்த்துப் படியெடுத்தார். டாக்டர் பென்டிலிடம் விடைத்தாள்களின் நகலை வாங்கி, ஒன்பது மாணவர்களின் விடையிலுள்ள ஒவ்வொரு தவறும் எந்த வரி எந்தக் காட்சியில் விழுந்ததால் வந்தது என்று ஓர் அட்டவணை போட்டார். மொத்தம் பதினேழு தவறுகள். பதினேழுக்கும் காரணம் கிடைத்தது.

"போய்ச் சொல்லிட்டா தூக்கம் வந்துடுமா?" என்று குக்குவா கேட்டாள்.

"வரும்னு நினைக்கிறேன்."

"அப்ப உனக்காகத்தான் சொல்லப் போற."

அவர் அட்டவணையின் அடுத்த வரியை எழுதினார்.

விசாரணை ஜூன் 13, வியாழக்கிழமை, காலை பத்து மணி. நீள மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர். நடுவில் தலைவர், ஒரு பேராசிரியர், மென்மையாகப் பேசுகிறவர். இந்தப் பக்கம் ஒன்பது மாணவர்கள், அவர்களைப் பார்த்தபடி நுனூ. பேசியது எல்லாம் நுனூவின் கைவழியாக அவர்களுக்குப் போயிற்று.

முதலில் அகோர்லி. "கையைத் தூக்கக் கூடாதுன்னு நான் போர்டுலயே எழுதினேங்க. பேசற கையாச்சே, சும்மா இருக்குமா?"

அடுத்து டாக்டர் பென்டில். கையில் அராபாவின் விடைத்தாள். "இதை நான் வாசிக்க அனுமதி வேணும்" என்று சொல்லி வாசித்தார். அந்த அம்மா தன் மகனின் படகைக் கொளுத்தினாள், ஏனென்றால் கணவனைக் கடல் எடுத்துக்கொண்டது, மகனையும் கேட்டது. கடல் ஓய்வெடுக்கும் செவ்வாய்க்கிழமையில் கொளுத்தினாள், கடலுக்குத் தெரியக் கூடாது என்று. அதனால்தான் அவள் அடுப்படியில் நின்று சொல்கிறாள், நெருப்பு அவளுக்குப் பழக்கமான இடத்தில் நின்று. மூன்று பக்கம்.

"பதினாறு வருஷமா இந்தத் தாளைத் திருத்தறேன்" என்றார் டாக்டர் பென்டில். "இதைவிட நல்ல விடை நான் படிச்சதில்ல. ஆனா இப்படி ஒரு படம் கிடையாது. நான் என்ன மார்க் போடறது?"

பிறகு எசாண்டோ எழுந்தார். பதிவேட்டைத் திறந்து மேசைமேல் வைத்தார். அட்டவணையை ஐந்து பேருக்கும் கொடுத்தார். பதினைந்து நிமிடம் பேசினார். எந்தப் பிரதி, எத்தனை நிமிடம், எந்த வரி எங்கே விழுந்தது, எல்லாம். தவறு என்னுடையது, மாணவர்களுடையது அல்ல என்று முடித்தார். குழுவிலிருந்த ஓர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அந்த நிமிடத்தில் எசாண்டோ ஜெயித்துவிட்டதாகவே நினைத்தார்.

தலைவர் பதிவேட்டின் பக்கங்களை மெல்லப் புரட்டினார். "இவ்வளவு ஒழுங்கா எழுதி வச்சிருக்கீங்க, மிஸ்டர் எசாண்டோ. உண்மையிலேயே ஆச்சரியம். ஒரே ஒரு கேள்வி. மத்த நூத்து அறுபத்து ரெண்டு படத்துலயும் இந்த மாதிரித் தப்பு இல்லைன்னு உங்களால உறுதியா சொல்ல முடியுமா?"

நுனூவின் கைகள் ஒரு கணம் நின்றன. அவர் முகம் எசாண்டோவிடம் கெஞ்சியது. முடியும் என்று ஒரு சொல் போதும்.

"மூணு இடத்துல பாத்திருக்கேன் ஐயா. முழுசும் மறுபடி பாத்தேன்னு சொல்ல முடியாது."

"அப்ப உறுதி இல்ல."

"மூணு இடத்துக்கு உறுதி."

"நன்றி" என்று தலைவர் பதிவேட்டை மூடி, இரண்டு கையாலும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

தீர்ப்புக் கடிதம் ஜூன் 21ஆம் தேதியிட்டு வந்தது. ஒன்பது மாணவர்கள்மீதும் இருந்த குற்றச்சாட்டு நீக்கப்பட்டது. அந்தத் தாளின் முடிவு ரத்து. சப்டைட்டில்களின் நம்பகத்தன்மை உறுதி செய்யப்படாததால் மறுதேர்வு நடத்த இயலாது. மாணவர்கள் நலன் கருதி, வரும் கல்வியாண்டிலிருந்து காது கேளாத மாணவர்களுக்குப் படம் சார்ந்த எல்லாப் பாடங்களிலிருந்தும் விலக்கு அளிக்கப்படுகிறது. தற்போது படித்துக்கொண்டிருப்பவர்கள் விருப்பமான வேறு துறைக்கு மாறிக்கொள்ளலாம். படப்பிரிவின் சப்டைட்டில் பணி நிறுத்தப்படுகிறது. திரு. எசாண்டோ ஜூலை 1 முதல் தரைத்தளத்தில் செய்தித்தாள் பைண்டிங் பிரிவில் பணியாற்றுவார்.

கடிதத்தில் ஒரு பிழையும் இல்லை. எசாண்டோ இரண்டு முறை படித்துப் பார்த்தார்.

படப்பிரிவில் அவருக்குக் கடைசி நாள் ஜூன் 28, வெள்ளி. நான்கு மணிக்கு அராபா வந்தாள். துறை மாறும் படிவத்தில் அலுவலகக் கையெழுத்து வாங்க வளாகத்துக்கு வந்தவள், அப்படியே மாடியும் ஏறியிருந்தாள். படிவத்தில் 'வீட்டுப் பொருளியல்' என்று இருந்தது. இடம் மீதமிருந்த துறை அதுதான்.

"உக்காரும்மா" என்று கையால் சொன்னார்.

அவள் உட்காரவில்லை. "திருடின்னு சொல்லியிருந்தாலும் ஜனவரியில திரும்பி வந்திருப்பேன். பாட்டிகூட வலை பின்னிக்கிட்டு ஒரு பருவம் இருந்திருப்பேன். வந்து எழுதியிருப்பேன். இப்ப யாரும் என்னைத் திருடின்னு சொல்லல. பாவம்னு சொல்லி வெளிய விட்டுட்டாங்க. பாவம்னு சொன்னதுக்கு எங்க போய் மேல்முறையீடு பண்ண?"

"உன் பேரு கெடக் கூடாதுன்னு..."

"என் பேருதானே? என்கிட்ட கேட்டீங்களா?"

எசாண்டோவின் கைகள் மேசைமேல் கிடந்தன.

"நுனூ கேக்கச் சொன்னாராமே. அவரே சொன்னார். ரெண்டு வாரம் இருந்துதாமே. அட்டவணை போட்டீங்களாம்."

"ஆமா."

"அலை எப்படிக் கத்துதுன்னு என்கிட்ட கேட்டுட்டா எழுதினீங்க? இல்ல. அது உங்களுக்குத்தான் கேக்கும். இது எனக்குத்தான் தெரியும், மாமா."

அவள் திரும்பினாள். அவர் சட்டென்று கையை உயர்த்தி நிறுத்தினார். கணினியைக் காட்டினார். 'உப்புப் படகு' கோப்பை அவர் ஜூன் 14 அன்றே திருத்தியிருந்தார். இருபத்தைந்தை இருபத்து நான்காக மாற்ற வேண்டிய ஓர் எண், ஒரு பொத்தான். வேலை முடிய ஆன நேரம் நான்கு நிமிடம். இந்த முறை தொடக்கம், நடு, முடிவு மட்டுமல்ல, நூற்று நான்கு நிமிடமும் உட்கார்ந்து பார்த்திருந்தார். ஒரு விநாடிகூடப் பிசகவில்லை.

அராபா திரையின் பக்கம் வந்தாள். பிறகு கேட்டாள்: "அந்த இடத்துல அம்மா நிஜமா என்னதான் சொல்றா?"

அவர் அடுப்படிக் காட்சியை ஓடவிட்டார். அம்மாவின் முகம். உதடு அசைந்தது. கீழே வரி வந்தது.

'மீனுக்கு உப்பு போதவில்லை.'

அவள் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாள் என்று நினைத்தார். படம் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா பானையை மூடினாள், கதவு சாத்தப்பட்டது, தம்பி முதுகைக் காட்டி உட்கார்ந்தான், 'நான்தான் கொளுத்தினேன்' என்று வரி வந்து அவன் முதுகுக்குக் கீழே சரியாக நின்றது. அராபா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் எழுதின அம்மாவுக்கு இவ்வளவு உப்புக் கவலை கிடையாது" என்றாள். படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

எசாண்டோ ஜன்னலை அடைத்தார். கடல் அப்போது பின்வாங்கிக்கொண்டிருந்தது. பதிவேட்டை எடுத்து எழுதினார்: 'உப்புப் படகு, இரண்டாம் பிரதி. 104.00. வரிகள் 1,146. தொடக்கம், நடு, முடிவு, முழுவதும் சரி.' கடைசிப் பத்திக்கு வந்தார். அவள் பார்த்தது எழுபத்து நான்காம் நிமிடத்திலிருந்து எழுபத்தெட்டாம் நிமிடம் வரை. முழுக்கப் பார்த்தவர்தான் கையெழுத்து வைக்கலாம். அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விட்டார்.

பதிவேட்டின் ஏழு தொகுதிகளையும் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கீழே காவலரிடம் கொடுத்து, கொடுத்த நேரத்தைக் காவலரின் நோட்டில் எழுதினார். நான்கு ஐம்பத்திரண்டு.

"ரூமுக்கு இனி யாரு மாமா வருவாங்க?" என்று காவலர் கேட்டார்.

"தெரியலப்பா" என்றார். சாவி ஆணியில் மாட்டப்படும் சத்தம் கேட்டது.